தோட்டக்கலை கேள்வி–பதில்: வீட்டுக்குள் ஆர்க்கிட்

திருமண வரவேற்பிலும் புதுமனைப் புகுவிழாவிலும் பூங்கொத்துக்குப் பதிலாகத் தொட்டியோடு ஆர்க்கிட் கொடுக்கும் வழக்கம் பெருகிவிட்டது போலும். இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்தச் செடியைப் பற்றியவை. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (வாசகி, தாம்பரம்): புதுமனைப் புகுவிழாவுக்கு அன்பளிப்பாக வந்த வெள்ளை ஃபலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் இரண்டரை மாதம் பூத்திருந்தது. இப்போது இலைகள் சுருக்கம் விழுந்து தொங்குகின்றன. நாள்தோறும் தவறாமல் தண்ணீர் விட்டு வந்தேன். வாடுகிறதே என்று இப்போது காலை மாலை இரு வேளையும் விடுகிறேன். ஆனாலும் தேறவில்லை. என்ன குறை?

பதில்: தண்ணீர் இல்லாமல் வாடிய செடியும், தண்ணீர் மிகுந்து வேர் அழுகிய செடியும் இலையளவில் ஒன்றுபோலவே தோன்றும், இரண்டிலும் இலைக்கு நீர் போய்ச் சேர்வதில்லை. ஆகவே இலையைப் பார்த்து முடிவு செய்யாமல், செடியை இன்றே தொட்டியிலிருந்து வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். அன்பளிப்புச் செடிகள் பெரும்பாலும் இரட்டைத் தொட்டியில் வரும்: உள்ளே ஓட்டையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தொட்டி, வெளியே ஓட்டையே இல்லாத அழகான பீங்கான் தொட்டி. நீங்கள் விட்ட தண்ணீர் பீங்கானுக்குள் விரற்கடை அளவுக்குத் தேங்கி நிற்பதை வெளியே எடுத்ததும் காண்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்து வேர்ப்பந்தை மெல்லப் பிரியுங்கள். நாற்றாக இருந்தபோது வைத்த ஸ்பேக்னம் பாசி உருண்டை ஒன்று நட்ட நடுவில் இருக்கக்கூடும். மேலே போட்டிருக்கும் மரப்பட்டைத் துண்டுகள் காய்ந்து கிடக்கும்போதும், அந்த உருண்டை மட்டும் பிழிந்தால் நீர் சொட்டும் நிலையில் இருக்கும். அழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு வேரையும் இரு விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும். கெட்ட வேர் பழுப்பேறிக் கூழாகிவிட்டிருக்கும், இழுத்தால் மேலுறை கையோடு வந்து நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும்.

அந்த மேலுறைக்கு வெலமன் திசு என்று பெயர். பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஃபலனாப்சிஸ், வாண்டா, டென்ட்ரோபியம், கேட்லியா போன்றவை காட்டில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் தொற்றுத் தாவரங்கள். மழை பெய்யும்போது பஞ்சு போன்ற இந்த உறை நீரை உறிஞ்சிக்கொள்கிறது. மழை விட்டதும் காற்றில் வேர் காய்ந்துவிடுகிறது. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால்தான் அந்த வேர் உயிரோடு இருக்கும். நம் மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் விடுவதைப்போல் தினமும் விட்டால், உறையின் நுண்ணறைகள் எந்நேரமும் நீரால் நிறைந்திருந்து, உள்ளே உயிருள்ள பகுதிக்குக் காற்றே போவதில்லை.

கத்தரிக்கோலைத் தீயில் காட்டிக் கெட்ட வேர்களை நறுக்கிவிட்டு, செடியை அரை நாள் நிழலில் வெறுமனே கிடக்க விடுங்கள். பிறகு பக்கங்களிலும் ஓட்டையுள்ள, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியில், தேங்காய் மட்டைத் துண்டுகளும் மரக்கரித் துண்டுகளும் கலந்து நடுங்கள். துண்டுகள் சுண்டு விரல் நுனியளவாவது இருக்க வேண்டும். மட்டையை ஒரு நாள் முழுதும் ஊறவைத்து, நீரை இரண்டு மூன்று முறை மாற்றிக் கழுவிய பின்பே பயன்படுத்த வேண்டும். அதிலுள்ள உப்பும் கறையும் போகும். தென்னை நார்க்கழிவையும் செம்மண்ணையும் எந்த அளவிலும் சேர்க்க வேண்டாம்.

ஒளி ஊடுருவும் தொட்டியில் இன்னொரு வசதியும் உண்டு. நனைந்த வேர் பச்சையாகவும் காய்ந்த வேர் வெள்ளி நிறமாகவும் தெரியும். தொட்டிச் சுவரை ஒட்டிய வேர்கள் வெள்ளி நிறத்துக்கு வந்த மறுநாள் காலையில், அடியில் வழிந்தோடும் அளவுக்கு நிறையத் தண்ணீர் ஊற்றி, முழுதும் வடிய விடுங்கள். அது மூன்று நாளுக்கு ஒரு முறையா ஐந்து நாளுக்கு ஒரு முறையா என்பதை உங்கள் கூடத்தின் காற்றோட்டந்தான் சொல்ல வேண்டும், நாள்காட்டி சொல்லாது. இலைகள் கூடும் நடுக்குருத்தில் நீர் நின்றால் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள். குருத்து அழுகினால் தண்டு மேற்கொண்டு வளராது. சுருங்கிய பழைய இலைகள் நிமிராமலேயே போகலாம்; புது வேர் நுனி ஒன்று பச்சையாக எட்டிப் பார்த்தால் செடி பிழைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

கேள்வி (வாசகர், அண்ணா நகர், சென்னை): என் ஃபலனாப்சிஸ் இரண்டு ஆண்டுகளாக நலமாக இருக்கிறது. புது இலை விடுகிறது, வேரும் வருகிறது, ஆனால் பூத்தண்டு மட்டும் வரவில்லை. குளிர்ச்சி தேவை என்று கேள்விப்பட்டு, இரவில் ஏசி ஓடும் படுக்கையறையில் வைத்திருக்கிறேன். உரத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: உரத்தில் குறையில்லை. நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. இலையிடுக்கிலிருந்து பூத்தண்டு கிளம்புவதற்கு ஃபலனாப்சிஸுக்கு ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழான வெப்பநிலை பல வாரங்கள் தொடர்ந்து தேவை. 28, 29 டிகிரிக்கு மேல் இருந்தால் அது இலை மட்டுமே விட்டுக்கொண்டிருக்கும். இங்கே பலரும் தவறவிடும் செய்தி, கணக்கில் இரவு மட்டுமல்லாமல் பகலும் சேரும் என்பது. இரவு முழுதும் 23 டிகிரியில் வைத்திருந்தாலும், நீங்கள் அலுவலகம் போன பின் ஏசி நின்று அறை 31 டிகிரிக்குப் போய்விட்டால், பகல் வெப்பம் இரவுக் குளிர்ச்சியின் பயனை அழித்துவிடுகிறது.

தைவானில் வணிகத்துக்காக இதை வளர்ப்பவர்கள் முற்காலத்தில் சமவெளித் தோட்டங்களிலிருந்து செடிகளை வண்டியில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய், தண்டு கிளம்பிய பின் இறக்கிக் கொண்டுவந்தார்கள். இப்போது குளிரூட்டிய குடில்களில் அதைச் செய்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் மொக்கோடு நிற்கும் ஃபலனாப்சிஸ் ஒவ்வொன்றும் எங்கோ ஒரு குளிரில் தண்டு விட்டு வந்ததுதான். சென்னை அதற்குத் தண்டு எழுப்பும் ஊரில்லை. மார்கழி, தை மாதங்களில், வெயில் படாத தரைத்தள அறையில், பகலிலும் 26 டிகிரியைத் தாண்டாமல் தொடர்ந்து சில வாரம் அமைந்தால் ஒரு தண்டு எழலாம். எனக்கு ஆறு ஆண்டுகளில் ஒரே ஒரு முறை எழுந்தது. அந்த மகிழ்ச்சியில் தொட்டியைத் திருப்பித் திருப்பி வைத்து, வெளிச்சத்தைத் தேடிய தண்டைக் கோணலாக்கிவிட்டேன். உங்களுக்குத் தண்டு எழுந்தால் தொட்டியை இடம் மாற்றாதீர்கள்.

பூ உதிர்ந்த பழைய தண்டு இன்னும் பச்சையாக இருந்தால், அடியிலிருந்து இரண்டு அல்லது மூன்று கணு விட்டு அதற்கு மேல் நறுக்கிப் பாருங்கள். எஞ்சிய கணுவிலிருந்து பக்கக் கிளை வந்து சில பூக்கள் பூப்பதுண்டு. இலை மூன்றுக்குக் குறைவாக இருக்கும் நலிந்த செடியில் இதைச் செய்ய வேண்டாம்.

ஏற்காடு போன்ற இடத்தில் உறவினர் வீடு இருந்தால், ஐப்பசியில் கொண்டுபோய் வைத்துத் தையில் எடுத்து வாருங்கள் என்பேன். அதற்கு வழியில்லையென்றால் சென்னை வெப்பத்திலேயே பூக்கும் டென்ட்ரோபியம் கலப்பினங்களை வாங்குங்கள். ஊதாவும் வெள்ளையுமாக மாலைக் கடைகளில்கூடத் தொங்கும் அந்தப் பூக்களுக்குக் குளிரும் வேண்டாம், ஏசியும் வேண்டாம், வெளிச்சந்தான் வேண்டும். ஃபலனாப்சிஸ் வாங்குபவரிடம் இந்த வேறுபாட்டைக் கடைக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் இத்தனை கடிதங்கள் எனக்கு வந்திருக்காது.

கேள்வி (வாசகர், திருப்பூர்): படங்களில் பார்த்து ஆசைப்பட்டு மொட்டை மாடியில் இரும்புச் சட்டமும் கண்ணாடியுமாக ஒரு குடில் கட்டினேன். மாசியில் வைத்த நாற்பது செடிகளில் சித்திரை முடிவதற்குள் இருபத்தாறு கருகிவிட்டன. தினமும் மூன்று வேளை தெளித்தும் பயனில்லை. குடிலை எப்படிச் சரிசெய்வது?

பதில்: இருபத்தாறு செடிகள் போனது வருத்தந்தான், ஆனால் கண்ணாடிக்குள் ஆர்க்கிட்டைக் கொன்றவர்களில் நீங்கள் முதல்வர் இல்லை. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெப்ப நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக ஆர்க்கிட் வந்து இறங்கியது. வெப்ப மண்டலச் செடி என்றால் கொதிக்கும் வெப்பமும் மூடிய அறையும் வேண்டும் என்று நினைத்து, கணப்பு மூட்டிய கண்ணாடி அறைகளில் காற்றுப் புகாமல் வைத்தார்கள், பெரும்பகுதி மடிந்தது. சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜோசஃப் பாக்ஸ்டன், காற்றோட்டத்தைக் கூட்டி வெப்பத்தைக் குறைத்து, செடி பிறந்த இடத்துக்கேற்ப அறைகளைப் பிரித்து வைத்தபோதுதான் நிலைமை மாறியது. அவர் அனுப்பிய தோட்டக்காரர் ஜான் கிப்சன் 1835இல் புறப்பட்டு இந்தியாவுக்கு வந்து, இன்றைய மேகாலயாவிலுள்ள காசி மலையில் ஆர்க்கிட்டுகளைத் திரட்டிக்கொண்டு 1837இல் திரும்பினார். குளிர்ந்த மழைக்காட்டு மலையில் பிறந்த செடியை நீராவி அறையில் அடைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அவர்கள் கண்ணாடி கட்டியது பனியிலிருந்து செடியைக் காப்பதற்காக. கண்ணாடி வெயிலை உள்ளே விட்டு, அதனால் சூடான காற்றை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. லண்டன் குளிர்காலத்தில் அது வரம். திருப்பூர் மாடியில் சித்திரை வெயிலில் அதையே அடுப்பு என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குள் தண்ணீர் தெளித்தால் ஈரமும் வெப்பமும் சேர்ந்து இலை அவிந்துபோகும்.

ஆகவே சட்டத்தை வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். நான்கு பக்கமும் வலை மட்டும் இருக்கட்டும். கூரையில் மழை மறைப்புக்கு பாலிகார்பனேட் தகடு போடலாம். ஆனால் நிழல்வலையை அதற்குக் கீழே கட்டாமல், தகட்டுக்கு மேலே ஒன்றரை அல்லது இரண்டு அடி உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். உள்ளே கட்டிய வலை வெயிலை மறைக்கும், ஆனால் வெப்பம் அதற்குள் குடிலுக்கு வந்துவிட்டிருக்கும்; வெளியே கட்டிய வலைதான் வெப்பத்தை வாசலிலேயே நிறுத்தும். டென்ட்ரோபியத்துக்கும் வாண்டாவுக்கும் 50 சதவீத நிழல் தரும் வலை போதும். ஃபலனாப்சிஸுக்கு 75 சதவீதம் வேண்டும். தளத்தில் செங்கல் ஜல்லியைப் பரப்பி, இலைகளை விட்டுவிட்டு ஜல்லியைக் காலையிலும் நண்பகலிலும் நனைத்தால், ஆவியாகும் நீரே குடிலைக் குளிர்விக்கும். ஒரு சிறு மின்விசிறி எந்நேரமும் ஓடட்டும்.

வெளிச்சத்தை அளக்கக் கருவி வாங்கத் தேவையில்லை. உச்சி வேளையில் இலைக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையை நீட்டுங்கள். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டினாற்போல் விழுந்தால் ஃபலனாப்சிஸுக்கு அது மிகுதி. ஓரம் கலங்கிய நிழல் அதற்குச் சரியான அளவு. அப்போதே புறங்கையை இலையின் மேல் வைத்துப் பாருங்கள். இலை சுட்டால் நிழலோ காற்றோ போதவில்லை என்று பொருள். சில வாரம் கழித்து இலையின் நிறமும் பேசும். அடர்ந்த கரும்பச்சை இலை வெளிச்சம் குறைவு என்கிறது, பூக்க மறுக்கும். மஞ்சளோடிய இலை மிகுதி என்கிறது.

கேள்வி (வாசகி, டொராண்டோ, கனடா): யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டு முற்றத்து மரத்தில் ஆர்க்கிட் தானாகவே வளர்ந்தது. இங்கே குளிர்காலத்தில் ஜன்னலோரம் வைத்தால் மொட்டுகள் விரியும் முன்பே மஞ்சளாகி உதிர்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: அண்ணா நகர் வாசகர் உங்கள் கடிதத்தைப் படித்தால் பெருமூச்சு விடுவார். அவருக்கு எட்டாத மொட்டு உங்களுக்கு எளிதாக வந்துவிடுகிறது. இலையுதிர்காலத்தில் ஜன்னலோரம் இயல்பாகவே குளிர்வதுதான் காரணம். இனி மொட்டைக் காப்பதுதான் வேலை. வீட்டை வெதுவெதுப்பாக்கும் கருவி குளிர்காலத்தில் அறைக்காற்றை மிகவும் உலர்த்திவிடுகிறது. செடி வெப்பக்காற்று வரும் துளைக்கு மேலோ அருகிலோ இருந்தால் இடத்தை மாற்றுங்கள். இரவில் கண்ணாடியில் இலை படாதவாறு ஓர் அடி தள்ளி வைக்க வேண்டும். 15 டிகிரிக்குக் கீழ் ஃபலனாப்சிஸ் துன்பப்படும். அகன்ற தட்டில் கூழாங்கல் பரப்பி, கல்லின் பாதி உயரத்துக்கு நீர் விட்டு, அதன் மேல் தொட்டியை வையுங்கள். தொட்டியின் அடி நீரைத் தொடக்கூடாது. தட்டு செய்யும் உதவி சிறிதுதான். ஈரப்பதமூட்டும் கருவி ஒன்று இருந்தால் நன்று.

மார்கழியில் உங்கள் ஊரில் பகல் ஒன்பது மணி நேரமே. தெற்கு ஜன்னல் இல்லாத வீடாயின், வெள்ளை எல்இடி விளக்கைச் செடிக்கு ஓர் அடி மேலே தொங்கவிட்டு நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரிய விடுங்கள். இரவில் அணைத்துவிட வேண்டும். இந்தச் செடி இலைத்துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்கும் இனம்; இருட்டு அதற்கு வேலை நேரம். குழாயின் சில்லென்ற நீரை அப்படியே ஊற்றாமல் அறை வெப்பத்துக்கு வரவிட்டு ஊற்றுங்கள். பழக்கூடையையும் அருகே வைக்காதீர்கள். பழுக்கும் வாழையும் ஆப்பிளும் விடும் எத்திலீன் வாயுவுக்கு மொட்டுகள் உதிர்ந்துவிடும்.

கேள்வி (வாசகர், மதுரை): ஆர்க்கிட்டுக்கு அரிசி கழுவிய நீரும் புளித்த மோரும் விடலாமா? எங்கள் வீட்டில் ஆர்ஓ கருவியின் கழிவுநீரைத்தான் எல்லாச் செடிகளுக்கும் ஊற்றுகிறோம்.

பதில்: மூன்றும் வேண்டாம். மோரையும் அரிசி கழுவிய நீரையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் செரித்துப் பயிருக்குக் கொடுக்கும். மட்டைத் துண்டுக்கும் கரிக்கும் இடையில் அவை புளித்து நாறிக் கொசு போன்ற சிறு ஈக்களைத்தான் சேர்க்கும். ஆர்ஓ கழிவுநீரில் குழாய் நீரிலுள்ளதைவிட உப்பு செறிந்திருக்கிறது. துண்டுகளின் மேல் வெள்ளையாகப் பூத்து, வேரின் பச்சை நுனியைக் கருக்கிவிடும். சுத்திகரித்த நீரோ, அதைவிட நல்லதாக மழைநீரோ ஊற்றுங்கள். உரம் என்றால் நீரில் முழுதும் கரையும் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது), உறையில் எழுதியிருக்கும் அளவில் கால் பங்கு, வாரம் ஒரு முறை, வேர் நனைந்த பின். மாதம் ஒரு முறை வெறும் நீரை நிறைய ஊற்றிப் படிந்த உப்பைக் கழுவிவிடுங்கள்.

கேள்வி (வாசகி, திருச்சி): டென்ட்ரோபியத்தின் பழைய தண்டுகள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கின்றன. நறுக்கிவிடலாமா?

பதில்: பச்சையாகவும் கெட்டியாகவும் இருக்கும்வரை நறுக்காதீர்கள். அந்தத் தண்டு செடியின் தண்ணீர்க் குடம். புதுத் துளிருக்கு அதிலிருந்துதான் ஊட்டம் போகிறது. இலையில்லாத தண்டிலிருந்தே பூ வருவதும் உண்டு. கணுவில் குட்டிச் செடி முளைத்தால் அதன் வேர்கள் இரண்டு அங்குலம் நீண்ட பின் பிரித்து நடலாம். உலகெங்கும் அதைக் கேக்கி என்பார்கள். ஹவாய் மொழியில் குழந்தை என்று பொருள்.

கேள்வி (வாசகர், கும்பகோணம்): இணையத்தில் நீல நிற ஆர்க்கிட் விதை, நூறு விதை ஐம்பது ரூபாய் என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஐம்பது ரூபாய்க்கு வெண்டை விதை வாங்குங்கள். ஆர்க்கிட் விதை மாவுத்தூள் போன்றது. ஒரே காயில் லட்சக்கணக்கில் இருக்கும், எண்ணி நூறு தருவது நடக்கிற காரியமன்று. அதற்குள் முளைக்கு உணவாகும் சேமிப்புத் திசுவே கிடையாது. காட்டில் ஒரு வகைப் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த அகர் கூழில் பூஞ்சையின்றியே முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். இன்றும் கிருமி நீக்கிய கண்ணாடிக் குடுவையில், ஆய்வகத்தில்தான் அது நடக்கிறது. தொட்டியில் தூவினால் முளைக்காது.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): எங்கள் தோப்பு மாமரத்தில் ஆர்க்கிட் ஒன்று பற்றியிருக்கிறது. மரத்தின் சாற்றை உறிஞ்சிவிடும், வெட்டு என்கிறார் தோட்டக்காரர். அதைப் பிரித்து வீட்டுக்குள் வைக்கலாமா? மலைக்குப் போகும்போது இன்னும் சில வகைகளை எடுத்து வரலாமா?

பதில்: தோட்டக்காரர் புல்லுருவியோடு குழப்பிக்கொள்கிறார். புல்லுருவி கிளைக்குள் உறிஞ்சு வேரை இறக்கி மாமரத்தின் நீரையும் சத்தையும் எடுக்கும். அதை வெட்டுவது சரி. ஆர்க்கிட் வேர் பட்டையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், உள்ளே இறங்காது. மழைநீரிலும் பட்டையில் படியும் தூசு தும்பிலும் வாழ்கிறது. ஒரு வேரை நகத்தால் நெம்பிப் பார்த்தால் அவருக்கும் விளங்கும். வார் போன்ற தடித்த இலையும், பழுப்புக் கட்டம் போட்ட இதழ்களும் இருந்தால் அது வாண்டா டெசலேட்டாவாக இருக்கலாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தாழ்நிலத்து மரங்களில் காணப்படும் வகை. இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். பட்டையைப் பற்றிய வேரைப் பிய்த்து எடுத்தால் பாதி வேர் மரத்திலேயே தங்கிவிடும், பிழைத்து மறுபடி பூக்க ஆண்டுகள் ஆகும்.

மலையிலிருந்து எடுப்பதை நினைக்கவே வேண்டாம். காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது குற்றம். நீல வாண்டா, சிவப்பு வாண்டா, பாஃபியோபெடிலம் ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தாவரப் பட்டியலிலேயே இருக்கின்றன. அயல்நாட்டு வணிகத்தில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் வருகிறது. நம் மலை வகைகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. புயலில் முறிந்து உங்கள் தோப்பிலேயே விழுந்த கிளையில் செடி இருந்தால் மட்டும், வேரைப் பிரிக்காமல் அந்தக் கிளையை ஒரு முழத்துக்கு அறுத்து, கிழக்கு வராந்தாவில் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள். மழையில்லாத நாள்களில் காலையில் ஒரு முறை வேர் பச்சையாகும்வரை தெளித்தால் போதும்.